வராத காற்றாடிகளின் வரவு

ஒரு சாமானுக்கு அச்சாரம் கொடுத்துவிட்டால் அந்தச் சாமான் நம்முடையது என்று நான் நம்பினேன். அது எட்டாத தூரத்தில் இருந்தாலும் சரி, இன்னும் செய்து முடியாமல் கிடந்தாலும் சரி, நம்முடையதுதான். இதைச் சின்ன வயதில் நம்பியிருந்தால் மன்னிக்கலாம். நான் நம்பியபோது எனக்குக் கலியாணமாகி, முன்தலை மயிர் பின்வாங்கத் தொடங்கி, ஒரு விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு முழுவதும் என் கையில் இருந்தது. கணக்குப் பதிவியல் பரீட்சையும் பாஸ் பண்ணியிருந்தேன். இரண்டாம் முறை எழுதித்தான். ஆனால் எத்தனையாம் முறை என்று சான்றிதழில் போடுவதில்லை.

என்னைக் கெடுத்தது ஒரு சொல். எங்கள் பாடப்புத்தகங்களில் பேரேட்டின் இடது பக்கத்துக்குப் பெயர் வரவு, வலது பக்கத்துக்குப் பெயர் செலவு. நான் கணக்குப் படித்த தனியார் டியூட்டறி வாத்தியார் அதை இன்னும் சுருக்கித் தந்தார். "வாறதை வரவிலை வை, போறதைச் செலவிலை வை. அவ்வளவுதான் கணக்கு. மிச்சமெல்லாம் கையெழுத்து." என் கையெழுத்து நல்லது. ஆகவே எனக்கு எல்லாம் தெரியும் என்று முடிவுகட்டினேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி, போர்க்காலம். மண்ணெண்ணெய் ஒரு நாள் வரும், பிறகு எப்போது வரும் என்று கடைக்காரனுக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வலிகாமத்துத் தோட்டக்காரர் எல்லாரும் தண்ணீர் இறைக்கும் பம்பை மண்ணெண்ணெயில்தான் ஓட்டினார்கள். பம்பு நின்றால் வெங்காயம் வாடும், மிளகாய் வாடும், கடைசியில் சங்கமும் வாடும். அப்போதுதான் காற்றாடி யோசனை வந்தது. உயரமான இரும்புக் கோபுரம், தலையில் தகட்டுச் சிறகுகள், அடியில் கிணற்றுக்குள் இறங்கும் குழாய். காற்றடிக்கத் தண்ணீர் மேலே வரும். கொழும்பில் ஒரு கம்பனி அதைச் செய்து விற்றது.

எங்கள் சங்கத் தலைவர் இளைப்பாறிய தபாலதிபர். வேலையில் இருந்த காலமெல்லாம் பேசாமல் அடக்கி வைத்ததை பொதுக்கூட்டங்களில் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்.

"வாடைக்காத்து ஆறு மாசம், சோளகக்காத்து ஆறு மாசம். இரண்டும் சும்மா அடிக்குது. காத்துக்குப் பெர்மிட் வேண்டாம். காத்தை ஆமிச் சென்றியிலை மறிச்சுச் சோதிக்கேலாது. நாங்கள் நாப்பது காத்தாடிக்கு ஓடர் குடுக்கப் போறம்!"

சனம் கைதட்டியது. நானும் தட்டினேன். நாற்பது என்பது எங்கள் சங்கத்தின் மடிக்கு மிகப் பெரிய ஓடர். அங்கத்தவர்களின் பங்குப் பணத்தில் பெரும்பகுதி அதற்குள் போனது. விலையில் மூன்றில் ஒரு பங்கை முன்கூட்டிக் கம்பனிக்கு அனுப்பினோம். காற்றாடிகளைக் கம்பனி ஆட்களே லொறியில் கொண்டுவந்து, ஒவ்வொரு கிணற்றடியிலும் பூட்டி, ஓடவைத்துக் காட்டுவார்கள். அதற்குப் பிறகு மிச்சக் காசு. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தைக் கணக்கு எழுதும்போது நினைக்கவேண்டும் என்பதுதான் தெரியாது.

காசு அனுப்பிய அன்று பேரேட்டைத் திறந்தேன். காசு போய்விட்டது; அது செலவுப் பக்கம். போனதற்கு எதிரே ஏதோ வந்திருக்கவேண்டுமே? எது வந்தது? காற்றாடிதான் வேறென்ன. நாற்பது காற்றாடியின் முழு விலையையும் சரக்கிருப்பில் வரவு வைத்தேன். கொடுத்த ஒரு பங்கை வங்கிக் கணக்கில் செலவு வைத்தேன். கொடுக்காத இரண்டு பங்கையும் கம்பனிக்கு நாங்கள் பட்ட கடன் என்று எழுதினேன். கூட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரு சதம் பிசகாமல் சமப்பட்டன.

சமப்பட்டால் உண்மை என்பது என் இரண்டாவது மடத்தனம். பொய்யையும் இரண்டு பக்கம் எழுதினால் அது சமப்படத்தான் செய்யும்.

சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையைத் தலைவரிடம் நீட்டினேன். சங்கத்தின் சொத்து ஒரே நாளில் வீங்கியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மெய்யே ஐசே, நாங்கள் இவ்வளவு பணக்காரரோ?"

"ஓம் சேர். புத்தகத்திலை அப்பிடித்தான்."

"நல்லது. உந்தக் கணக்கை அடுத்த கூட்டத்திலை வாசிப்பம்."

வாசித்தார். சனம் மறுபடி கைதட்டியது.

இந்த இடத்தில் இன்னொரு விஷயத்தைச் சொல்லவேண்டும். எங்கள் களஞ்சியக்காரர் அந்த வருடம் வெளிநாடு போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் எடுக்கும்வரை "நீரே பாரும்" என்று தலைவர் களஞ்சியப் பூட்டின் திறப்பையும் என்னிடம் தந்தார். சாமானைப் புத்தகத்தில் எழுதுகிறவனும் சாமானுக்குக் காவல் நிற்கிறவனும் ஒருவனாக இருக்கக்கூடாது என்பது கணக்கியலின் அடிப்படைப் பாடம். அந்தப் பாடம் நடந்த நாளில் நான் டியூட்டறிக்குப் போகவில்லை என்று நினைக்கிறேன். திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, பதவி இரண்டு ஆனாலும் சம்பளம் ஒன்றுதானே என்று மட்டும் கவலைப்பட்டேன்.

கூட்டுறவில் ஒரு சட்டம் உண்டு. புத்தகத்தில் இருக்கும் சாமான் களஞ்சியத்தில் இல்லாவிட்டால் அந்த இருப்புக் குறைவைக் களஞ்சியக்காரன் கட்டவேண்டும். அவனால் முடியாவிட்டால் அவனுக்குப் பிணை நின்றவர் கட்டவேண்டும். எனக்குப் பிணை நின்றவர் மாமா, என் மனைவியின் தகப்பன். பிணையாக அவர் எழுதிக் கொடுத்தது இணுவிலில் உள்ள தன் தோட்டத்தை. அவருக்கு இருந்தது அந்த ஒரு துண்டு நிலம்தான்.

மாமா புகையிலைக்காரர். அச்சாரத் தத்துவத்தை எனக்குள் இறக்கியவர் அவர். சுருட்டுக்கொட்டில் முதலாளி ஒருவர் தை மாதம் வந்து, நின்ற பயிரைச் சுற்றிப் பார்த்து, ஒரு விலை பேசி, மாமாவின் உள்ளங்கையில் அச்சாரக் காசை வைத்து அழுத்திவிட்டுப் போவார். பத்திரமும் இல்லை, முத்திரையும் இல்லை. அந்த நிமிடத்திலிருந்து மாமாவின் பேச்சு மாறிவிடும். புகையிலை அவருடைய நிலத்தில் நிற்கும், அவருடைய கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும். ஆனால் அவர் சொல்வது வேறு.

"முதலாளியின்ரை புகையிலைக்குத் தண்ணி இறைச்சுப்போட்டு வாறன்."

"முதலாளியின்ரை இலையிலை புழு விழுந்திருக்கு."

வேலிக்குள்ளால் நுழைந்த ஆட்டையும் அப்படித்தான் அதட்டுவார். "சூய்! ஆற்றை இலையைத் தின்னுறாய் எண்டு தெரியுமோ? முதலாளியின்ரை!" ஆடு தெரியும் என்பதுபோல் இன்னொரு வாய் கடிக்கும்.

அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. நானும் அதே தோரணையில், "எங்கடை காத்தாடியள் கொழும்பிலை நிக்குது மாமா" என்று சொல்லத் தொடங்கினேன். மாமா தலையாட்டுவார். "ஓம். அச்சாரம் குடுத்தாச்சு. இனி உங்கடைதானே." ஆனால் மாதங்கள் போக, காற்றாடி வரக் காணோம். பாதை பூட்டு, லொறி இல்லை, பாதை திறப்பு, ஆனால் லொறிக்காரன் மாட்டேன் என்கிறான் என்று கம்பனி காரணங்களை ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்தது. மாமாவின் தலையாட்டல் பகிடியாக மாறியது. ஒருநாள் தோட்டத்துக்கு மேலால் ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பதிந்து வந்தது. எல்லாரும் வரம்பில் குப்புற விழுந்தோம். அது போனபிறகு மாமா மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பி என்னைப் பார்த்தார்.

"தம்பி, அந்தா போகுது உம்மடை காத்தாடி. ஒண்டு வந்திட்டுது. இன்னும் முப்பத்தொன்பது."

மாசி பிறந்தபோது கூட்டுறவுத் திணைக்களக் கந்தோரிலிருந்து அறிவித்தல் வந்தது. அடுத்த கிழமை கணக்காய்வாளர் வருவார், கணக்கோடு களஞ்சிய இருப்பையும் சரிபார்ப்பார். நான் அதை வாசித்துவிட்டு, ஒரு வேலையுமில்லாமல் போய்க் களஞ்சியத்தைத் திறந்து பார்த்தேன். உர மூட்டைகள், மருந்து தெளிக்கும் கருவிகள், ஓர் எலி. புத்தகப்படி அங்கே நாற்பது காற்றாடி நிற்கவேண்டும். எலி என்னைப் பார்த்தது. நான் எலியைப் பார்த்தேன். அப்போதுதான் என் மூளைக்குள் மூன்று விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன: இருப்புக் குறைவு, பிணை, மாமாவின் தோட்டம்.

அந்தக் கிழமை நான் செய்த காரியங்களை இப்போது நினைத்தால் வேறு யாரோ செய்ததுபோல் இருக்கிறது. கம்பனிக்குத் தந்தி அடித்தேன்: "காற்றாடி உடன் அனுப்புக." நாற்பது இரும்புக் கோபுரத்தைத் தந்திச் சொல் அழைத்து வந்துவிடும் என்பதுபோல. வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள்.

"இஞ்சருங்கோ, என்ன நடந்தது? முகம் அவிச்ச கத்தரிக்காய் மாதிரிக் கிடக்கு."

சொன்னேன்.

"வராத சாமானை ஏன் வந்தது எண்டு எழுதினனீங்கள்?"

"வரவு எண்டுதானப்பா எழுதினனான்."

"அதைத்தான் கேக்கிறன்."

"அச்சாரம் குடுத்தால் எங்கடைதானே. உங்கடை அப்பாவே சொல்லுவார்."

"அப்பா ஆட்டுக்கும்தான் அப்பிடிச் சொல்லுறவர். ஆடு கேட்டதே?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ. இலை வெட்டிற நேரம், விசராக்கிப்போடுவியள்" என்றாள்.

ஒரு காற்றாடியாவது கண்ணில் காட்டினால் "மிச்சம் வந்துகொண்டிருக்கு" என்று சொல்லலாம் என எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. மயிலிட்டிப் பக்கம் ஒருவரின் வளவில் பழைய காற்றாடி ஒன்று நிற்பதாக யாரோ சொன்னதை நம்பி, சைக்கிளை எடுத்துக்கொண்டு வடக்கே மிதித்தேன். வாடைக்காற்று நேரே முகத்தில் அடித்தது. காற்று இலவசம் என்ற தலைவரின் பேச்சு வழியெல்லாம் நினைவுக்கு வந்தது. கோபுரம் நின்றது உண்மைதான். ஆனால் சிறகு ஒன்றும் இல்லை. கால்களில் மீன்வலை சுற்றிக் காய்ந்துகொண்டிருந்தது. வளவுக்காரர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"என்ன தம்பி வேணும்?"

"உந்தக் காத்தாடியை ஒரு கிழமைக்கு இரவல் தருவியளோ அண்ணை?"

"எந்தக் காத்தாடி?"

"உது."

அவர் நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் சைக்கிளின் பின் கரியரைப் பார்த்தார். "உதிலையோ கொண்டு போகப்போறீர்?"

நான் கரியரைத் தட்டிப் பார்த்தேன்.

"பகிடி விடாமல் போம் தம்பி. உது இப்ப வலை காயவைக்கிற மரம். சிறகை எங்கடை சனம் கூரைக்குப் போட்டு எத்தினை காலம். வந்தது வந்தீர், இரண்டு பாரை மீன் கிடக்கு, வாங்கிக்கொண்டு போமன்."

வாங்கிக்கொண்டு திரும்பினேன். அந்தக் கிழமை முழுவதிலும் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

வரும் வழியில் மழை பிடித்தது. மாசியில் அப்படி மழை வருவதில்லை. வானம் கறுத்து, பொத்துக்கொண்டு ஊற்றியது. நேரே மாமாவின் தோட்டத்துக்குப் போனேன். வெட்டுக்கு நின்ற புகையிலை நிலத்தோடு சாய்ந்து கிடந்தது. வரம்புக்கு மேலால் தண்ணீர் ஓடியது. மாமா மண்வெட்டியோடு நடுவில் நின்று வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடியவிட்டுக்கொண்டு கத்தினார்.

"ஐயோ, என்ரை புகையிலை! என்ரை புகையிலை!"

அந்த வருடம் அவர் வாயில் "என்ரை" என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல்முறை. மீனைச் சைக்கிளில் தொங்கவிட்டுவிட்டு நானும் இன்னொரு மண்வெட்டியை எடுத்தேன்.

அடுத்த நாள் காலை வெயில் எறித்தது. புகையிலை மறுபடி முதலாளியுடையது ஆகிவிட்டது. முதலாளி வந்து, சாய்ந்த இலையைத் தூக்கிப் பார்த்து, விரலால் தேய்த்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"பசையெல்லாம் கழுவுண்டு போச்சு அண்ணை. பேசின விலைக்கு எடுக்கேலாது."

"எடுக்கேலாதோ? உங்கடை இலையை நீங்கள் எடுக்காமல் ஆர் எடுக்கிறது?"

"வெட்டிப் புகைக்குடிலிலை ஏத்தினால்தான் அண்ணை எங்கடை. நிலத்திலை நிக்கிறவரைக்கும் உங்கடை."

"அச்சாரம் வாங்கினாப் பிறகு என்ரை எண்டு நான் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டுப் பாரும், இந்தா என்ரை மருமோன் நிக்கிறார், கணக்குப் படிச்ச ஆள். தம்பி, நீர் சொல்லும். புகையிலை ஆற்றை?"

நேற்று மழைக்குள் நான் கேட்டது நினைவுக்கு வந்தது. அதைவிடப் பெரிய ஒன்றும் கூடவே வந்தது. அச்சாரம் கொடுத்தவனுக்கே சாமான் சொந்தம் என்றால் மாமாவின் இலை தப்பும். ஆனால் காற்றாடி எங்களுடையது, இருப்புக் குறைவும் எங்களுடையது, தோட்டம் போகும். சொந்தமில்லை என்றால் தோட்டம் தப்பும், இலை போகும். இலையா நிலமா என்று மாமாவுக்கே தெரியாமல் மாமாவின் சார்பில் நான் தெரிவு செய்யவேண்டும். நான் செய்ததைச் சொல்கிறேன்: இருமினேன். நீளமாக இருமினேன்.

மாமா விடவில்லை. "சரி, புகையிலையை விடும். சங்கத்துக் காத்தாடி ஆற்றை?"

"எங்கடை..." என்றேன், பழக்கத்தில்.

"ஏன் உங்கடை?"

"அச்சாரம்..."

"கேட்டீரோ முதலாளி! சங்கத்துப் புத்தகத்திலை மையாலை எழுதிக் கிடக்கு. கூட்டத்திலையும் வாசிச்சவை."

முதலாளி என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "திங்கட்கிழமை கணக்காய்வாளர் வாறாராம் எண்டு கேள்வி. அவரிட்டையே கேப்பம் அண்ணை. அவர் சரியெண்டால் எனக்குச் சரி."

"ஓம், கேப்பம்!" என்றார் மாமா, வென்றுவிட்ட முகத்தோடு.

திங்கட்கிழமை கணக்காய்வாளர் வந்தபோது சங்கக் கந்தோரில் நானும் தலைவரும் மட்டும் இருக்கவேண்டிய இடத்தில், சுவரோரத்து நீள வாங்கிலே மாமாவும் முதலாளியும் பக்கத்துப் பக்கத்தில், கோயிலில் அர்ச்சனைக்குக் காத்திருப்பவர்கள்போல் இருந்தார்கள். கணக்காய்வாளர் மெலிந்த மனிதர். ஒன்றுக்கும் ஆச்சரியப்படாத முகம். களஞ்சியத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் அவருக்கு ஊற்றிய தேத்தண்ணீரில் பாதி மேசைக்குப் போனது.

"நாப்பது காத்தாடி இருப்பிலை இருக்கு. எங்கை?"

"கொழும்பிலை சேர்."

"ஆற்றை களஞ்சியத்திலை?"

"கம்பனியின்ரை."

"அப்ப ஏன் உங்கடை இருப்பிலை?"

நான் வாயைத் திறக்குமுன் மாமா வாங்கிலிருந்து எழும்பிவிட்டார். "அச்சாரம் குடுத்திட்டினம் ஐயா! குடுத்தால் அது சங்கத்தின்ரை. அதிலை என்ன கேள்வி?"

கணக்காய்வாளர் அவரை அமைதியாகப் பார்த்தார். "சங்கத்தின்ரை எண்டு வைப்பம். அப்ப நாப்பது காத்தாடி இருப்புக் குறைவு. களஞ்சியக்காரர் கட்டவேணும்."

"கட்டட்டும்!" என்றார் மாமா. பிறகு, களஞ்சியக்காரன் யார் என்பது நினைவுக்கு வந்து, என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீரெல்லோ?"

"ஓம் மாமா."

"அவராலை கட்டேலாட்டில் பிணைக்காரர் கட்டவேணும்" என்றார் கணக்காய்வாளர், தாளைப் புரட்டிக்கொண்டு.

"பிணைக்காரன் ஆர்?" என்றார் மாமா.

தலைவர்தான் மெல்லச் சொன்னார். "நீங்கள்தான். உங்கடை தோட்டம்."

மாமா வாங்கில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அச்சாரக் காசு வைத்து அழுத்திய அதே கையை. பிறகு எழும்பாமலே சொன்னார்:

"அப்பிடியெண்டால் ஐயா, அந்தக் கண்டறியாத காத்தாடி சங்கத்தின்ரை இல்லை."

முதலாளி தொண்டையைச் செருமினார். "அண்ணை, அப்ப புகையிலை?"

"சும்மா இரும் முதலாளி, அவர் கதைக்கட்டும்."

கணக்காய்வாளர் மாமாவின் தீர்ப்பையும் ஏற்கவில்லை, முந்தைய தீர்ப்பையும் ஏற்கவில்லை. என்னிடம் திரும்பினார்.

"காத்தாடியைக் கொண்டுவாறது ஆர்?"

"கம்பனி."

"பூட்டித் தாறது?"

"கம்பனி."

"வாற வழியிலை லொறி எரிஞ்சால் ஆருக்கு நட்டம்?"

அந்தக் காலத்தில் அது உதாரணத்துக்குக் கேட்ட கேள்வி அல்ல. யோசித்தேன். "கம்பனிக்கு. அவை வேறை நாப்பது செய்து தரவேணும்."

"அப்ப அது கம்பனியின்ரை. நட்டம் ஆருக்கோ சாமான் அவருக்கு. உங்கட்டை இருக்கிறது காத்தாடி இல்லை, காத்தாடி கேக்கிற உரிமை. அதுக்குப் பேர் முற்பணம். அதுவும் சொத்துத்தான், ஆனால் களஞ்சியத்திலை தேடுற சொத்து இல்லை." இன்னொரு தாளைப் புரட்டினார். "மிச்ச இரண்டு பங்கைக் கடன் எண்டு எழுதியிருக்கிறீர். என்னத்துக்குக் கடன்? அவை இன்னும் ஒண்டும் தரேல்லை. ஓடர் குடுக்கிறது வேறை, கடன்படுறது வேறை. ஒரு பகுதி தன்ரை வேலையைச் செய்யுமட்டும் மற்றப் பகுதிக்குக் கடன் இல்லை."

சிவப்புப் பேனையால் இரண்டு கோடு போட்டார். சரக்கிருப்பிலிருந்து காற்றாடி போனது. கடனிலிருந்து இரண்டு பங்கு போனது. முற்பணம் என்று ஒரு தலைப்பு வந்து, நாங்கள் உண்மையாகக் கொடுத்த காசு மட்டும் அதற்குள் போய் உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் மெலிந்து, மறுபடி சமப்பட்டன. தலைவர் எட்டிப் பார்த்தார்.

"அப்ப நாங்கள் பணக்காரர் இல்லையோ?"

"முந்தி எப்பிடி இருந்தியளோ அப்பிடித்தான்" என்றார் கணக்காய்வாளர். "கம்பனியிட்டை முற்பணம் கிடைச்சது எண்டு ஒரு கடிதம் எடுத்து வையுங்கோ. களஞ்சியத் திறப்பை வேறை ஆளிட்டைக் குடுங்கோ." மிச்சத் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பினார்.

முதலாளி வாசல்வரை அவர் பின்னால் போனார். "ஐயா, புகையிலை விஷயம் ஒண்டு..."

"நான் சங்கத்துக் கணக்குப் பாக்க வந்தனான்" என்றார் அவர். குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

முதலாளி திரும்பி வந்து வாங்கில் உட்கார்ந்தார். அவர் மாமாவை வெல்லவந்த மனிதர்போல் தெரியவில்லை. வெற்றி கையில் விழுந்துவிட்டதால் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தார்.

"லொறி எரிஞ்சால் எண்டு அவர் கேட்டது கேட்டீங்களோ அண்ணை" என்றார் கடைசியில்.

"கேட்டனான்."

"மழையும் அதுதானே."

"ஓமோம்." மாமா எழும்பிச் சால்வையை உதறினார். "மண்வெட்டி பிடிச்சது நான்தானே. நாளைக்கு ஆளை அனுப்பும், இலையை வெட்டுவம். நீர் என்ன விலை போடுவீரோ போடும்." படியிறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். அதட்டுவார் என்று நான் தோளைச் சுருக்கினேன். "தம்பி, அண்டைக்குக் கொண்டந்த பாரை மீன் நல்ல மீன்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் இலையை வெட்டினார்கள். மழைபட்ட இலைக்கு மழைபட்ட விலைதான் கிடைத்தது. குறைந்தது முழுவதும் மாமாவின் நட்டம். காற்றாடிகள் வரவில்லை. அடுத்த வருடம் கம்பனி ஓடரைக் கைவிட்டு முற்பணத்தைத் திருப்பி அனுப்பியது, நான் அதை வங்கிக் கணக்கில் வரவு வைத்தேன். தோட்டம் மாமாவிடமே இருந்தது. அதில் அவர் வெங்காயம் நட்டார், ஒருவரிடமும் அச்சாரம் வாங்கவில்லை.